கணவர் இறந்தால் இரண்டரை ஆண்டு கறுப்பு.. மனைவி இறந்தால்? விக்டோரியா காலத்து துக்க உடை சொல்லும் கதை!

கணவர் இறந்தால் இரண்டரை ஆண்டு. பெற்றோரோ, பிள்ளையோ இறந்தால் ஓராண்டு. உடன்பிறந்தவர் இறந்தால் ஆறு மாதம்.

19-ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் ஒரு பெண் எத்தனை நாள் கறுப்பு உடுத்த வேண்டும் என்பதற்கு இப்படி ஒரு டைம்டேபிளே இருந்தது. எந்த மாதம் எந்தத் துணி, எப்போது நகை போடலாம், கைக்குட்டையின் ஓரத்தில் எத்தனை அகலத்துக்குக் கறுப்பு இருக்க வேண்டும் என்பது வரை கணக்கு உண்டு.

சரி, மனைவி இறந்தால் கணவருக்கு என்ன ரூல்? பெரும்பாலும் அவர் ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்த அதே கறுப்பு கோட், கூடவே தொப்பியில் ஒரு கறுப்புப் பட்டை. அவ்வளவுதான்!

துக்கம் இருவருக்கும் பொது. அதைச் சுமக்கும் வேலை மட்டும் ஏன் பெண்ணின் தலையில் விழுந்தது? அதற்கான பில்லைக் கட்டியது யார்? அதில் சம்பாதித்தது யார்? விரிவாகப் பார்க்கலாம்.

யார் போட்ட ரூல் இது?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். இப்படி உடுத்த வேண்டும் என்று சாதாரண மக்களுக்கு எந்தச் சட்டமும் இல்லை. துக்க உடை என்பது முதலில் அரண்மனை வழக்கம். ராஜ குடும்பத்தில் ஒருவர் இறந்தால் அரசவையில் இருப்பவர்கள் எத்தனை நாள், என்ன உடுத்த வேண்டும் என்று உத்தரவு வரும். பிரபுக்கள் அதைப் பின்பற்றினார்கள்.

19-ஆம் நூற்றாண்டில் தொழிற்சாலைகளும் வணிகமும் வளர, கையில் காசு புழங்கும் நடுத்தர வர்க்கம் உருவானது. 'நாங்களும் மரியாதையான குடும்பம்தான்' என்று காட்டிக்கொள்ள அவர்களுக்கு ஒரு வழி தேவைப்பட்டது. பெரிய இடத்து வழக்கங்களைச் சொல்லித்தரும் நாகரிகக் கையேடுகளும் பெண்கள் பத்திரிகைகளும் அந்த வேலையைச் செய்தன. மாமனார் இறந்தால் எத்தனை மாதம், சித்தப்பா இறந்தால் எத்தனை வாரம் என்று பட்டியல் போட்டன. இந்தக் கணக்கு புத்தகத்துக்குப் புத்தகம் கொஞ்சம் மாறும். ஆனால், கணவரை இழந்த பெண்ணுக்குத்தான் மிக நீண்ட காலம் என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி.

இதற்கு நடுவில்தான் 1861 டிசம்பர் 14 அன்று விக்டோரியா மகாராணியின் கணவர் இளவரசர் ஆல்பர்ட், வின்ட்சர் கோட்டையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 42. மகாராணிக்கும் அதே 42 வயதுதான். அன்று கறுப்பு உடுத்தியவர், 1901-ல் இறக்கும் வரை ஏறத்தாழ 40 ஆண்டுகள் அதை மாற்றவே இல்லை. துக்க உடை வழக்கத்தை விக்டோரியாதான் தொடங்கினார் என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. வழக்கம் அவருக்கு முன்பே இருந்தது. நாட்டின் தலைவியே வாழ்நாள் முழுக்க அப்படி வாழ்ந்து காட்டியதால், மற்ற பெண்களால் அதை மீறுவது இன்னும் கடினமானது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அது மரணம் மலிந்த காலம். பிறந்த 100 குழந்தைகளில் சுமார் 15 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக்கூடப் பார்க்கவில்லை. காலரா, டைபாய்டு, காசநோய் என்று ஏதோ ஒன்று வீட்டுக்கு வீடு வந்துகொண்டே இருந்தது. ஒரு துக்கம் முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடும். சொந்தபந்தம் அதிகமுள்ள குடும்பத்துப் பெண்கள் கறுப்பிலேயே பல ஆண்டுகளைக் கழித்ததற்கு இதுதான் காரணம்.

இரண்டரை ஆண்டு எப்படி?

கணவரை இழந்த பெண்ணுக்கு பரவலாகச் சொல்லப்பட்ட கணக்கு இதுதான்.

முதல் கட்டம்: ஓராண்டும் ஒரு நாளும். இதுதான் முழுத் துக்கம். பாம்பசீன் என்ற, பட்டும் கம்பளியும் கலந்து நெய்த பளபளப்பில்லாத கறுப்புத் துணியில் கவுன். அதன் மேல் கிட்டத்தட்ட முழுவதையும் மறைக்கும் அளவுக்கு 'கிரேப்' துணி. விருந்து, நடனம், நாடகம் எதற்கும் போகக் கூடாது.

இரண்டாம் கட்டம்: அடுத்த 9 மாதம். கறுப்பு அப்படியே இருக்கும். கிரேப் மட்டும் கொஞ்சம் குறையும்.

மூன்றாம் கட்டம்: அடுத்த 3 மாதம். கிரேப் போய், சாதாரணக் கறுப்புப் பட்டு வரும். கறுப்பு ரிப்பன், கறுப்பு லேஸ் சேர்த்துக்கொள்ளலாம்.

நான்காம் கட்டம்: கடைசி 6 மாதம். இதற்குப் பெயர் அரைத் துக்கம். சாம்பல், வெள்ளை, லாவெண்டர், இளம் ஊதா எனக் கலர் மெதுவாகத் திரும்பி வரும்.

இந்த ஊதாவுக்குப் பின்னால் ஒரு குட்டிக் கதை உண்டு. 1856-ல் வில்லியம் பெர்கின் என்ற 18 வயது மாணவர், மலேரியா மருந்தான குயினைனை ஆய்வகத்தில் தயாரிக்க முயன்றபோது, தற்செயலாகக் கிடைத்ததுதான் 'மாவ்' என்ற செயற்கை ஊதாச் சாயம். 1858-ல் தன் மூத்த மகளின் திருமணத்துக்கு விக்டோரியா இந்த நிறத்தில் உடுத்தி வர, அது ஃபேஷன் ஆனது. அரைத் துக்கத்தில் இருந்த பெண்களுக்கும் அந்த நிறம் வசதியாகப் போனது.

கட்டம் முடிந்ததும் உடனே உடையை மாற்றினால் 'இவளுக்கு என்ன அவசரம்?' என்று ஊர் பேசும். அதனால் பலரும் கூடுதலாகச் சில நாள் கறுப்பிலேயே இருந்தார்கள். சிலர் விக்டோரியாவைப் போல கறுப்பை விட்டு வெளியே வரவே இல்லை.

கிரேப் துணி: போட்டவர்களுக்குத்தான் தெரியும்!

இப்போது கடைகளில் கிடைக்கும் வழவழப்பான கிரேப் சில்க்கை நினைத்துக்கொள்ள வேண்டாம். துக்கத்துக்கான கிரேப் வேறு ரகம். பட்டு இழையில் நெய்து, சூடான உருளைகளில் கொடுத்து அழுத்தி, மேற்பரப்பில் சுருக்கம் சுருக்கமாக வரும்படி செய்வார்கள். பட்டுக்கே உரிய பளபளப்பு சுத்தமாகப் போய்விடும். அதுதான் தேவையும்கூட. துக்கத்தில் இருப்பவர் மினுக்கக் கூடாது அல்லவா?

இதில் பெரிய தொல்லை மழை. இங்கிலாந்தில் மழைக்குப் பஞ்சமில்லை. நாலு சொட்டு விழுந்தாலே கிரேப் துணி சுருங்கி, திட்டுத் திட்டாகக் கறை படிந்துவிடும். சாயம் கழுத்திலும் கையிலும் ஒட்டிக்கொள்ளும்.

முகத்திரையும் இதே துணிதான். கனமான கறுப்புத் திரை மூக்கிலும் கண்ணிலும் உரச உரச, சாயத்தால் தோலும் கண்ணும் எரிச்சல் கண்டன. மூச்சு விடவும் சிரமம். இதைப் பற்றி மருத்துவ இதழ்களே எச்சரிக்க வேண்டி வந்தது.

துக்கக் காலம் முடிந்த பிறகு கிரேப்பை வீட்டில் வைத்திருந்தால் ஆகாது, இன்னொரு சாவு வரும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருந்தது. அப்படியென்றால் அடுத்த துக்கத்துக்குப் புதுத் துணிதானே வாங்க வேண்டும்? வியாபாரிகளுக்கு இதைவிட நல்ல மூடநம்பிக்கை கிடைக்குமா என்ன!

தலைமுடியில் நகை, கறுப்புக் கரையில் கடிதம்

கவுன் மட்டும் போதாது. கையுறை, காலுறை, விசிறி, குடை எல்லாமே கறுப்பு. கைம்பெண்கள் தலையில் ஒரு வெள்ளைத் தொப்பி வைத்துக்கொள்வார்கள். விக்டோரியாவின் பிற்காலப் படங்களில் பார்ப்பது இந்தத் தொப்பியைத்தான். சட்டைக் கையின் முனையில் வெள்ளை மஸ்லின் துணியில் அகலமான பட்டை இருக்கும். உள்ளாடையில் கோக்கும் ரிப்பன் கூட கறுப்பில்தான் வாங்கப்பட்டது.

வீட்டிலிருந்து போகும் கடிதத் தாளுக்கும் உறைக்கும் கறுப்புக் கரை இருக்கும். தொடக்கத்தில் பட்டையாக இருக்கும் கரை, மாதங்கள் போகப் போக மெலிந்துகொண்டே வரும். உறையைப் பார்த்தாலே அனுப்பியவர் வீட்டில் துக்கம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

நகை என்றால் 'ஜெட்'. விமானம் இல்லை! சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன்பு மண்ணுக்குள் புதைந்த மரம், காலப்போக்கில் இறுகிக் கறுத்துப்போன பொருள்தான் ஜெட். இங்கிலாந்தின் யார்க்‌ஷைர் கடற்கரையில் உள்ள விட்பி என்ற ஊர் இதற்குப் பேர்போனது. பாறைகளில் இருந்து வெட்டியெடுத்து மாலை, காதணி, புரூச் எனச் செதுக்குவார்கள். 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் விட்பி ஜெட் இடம்பெற்றது. அரச குடும்பமும் அணிய, கிராக்கி எகிறியது. 1870-களில் அந்தச் சின்ன ஊரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்தத் தொழிலில் இருந்தனர்.

ஜெட் வாங்க முடியாதவர்களுக்கு கறுப்புக் கண்ணாடியிலும், கெட்டியாக்கிய ரப்பரிலும் மலிவு விலையில் மாற்று நகைகள் வந்தன. கண்டுபிடிப்பது எளிது. உண்மையான ஜெட் கையில் எடுத்தால் லேசாக இருக்கும். கண்ணாடி கனக்கும், தொட்டால் சில்லென்று இருக்கும்.

இதையெல்லாம் தாண்டி இன்று நம்மைக் கொஞ்சம் திடுக்கிட வைப்பது முடி நகைகள். இறந்தவரின் தலைமுடியில் ஒரு கற்றையை வெட்டி லாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்வார்கள். அல்லது அந்த முடியையே நுணுக்கமாகப் பின்னி வளையல், சங்கிலி, புரூச் செய்வார்கள். ஆல்பர்ட்டின் முடி வைத்த லாக்கெட்டை விக்டோரியாவும் அணிந்திருந்தார். உடல் மண்ணுக்குள் போனாலும் முடி அழுகாது. போட்டோ எல்லோருக்கும் எட்டாத அந்தக் காலத்தில், பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் அந்தப் பிள்ளையுடையதாக மிஞ்சியது சில நேரம் அந்த ஒரு கற்றை முடி மட்டும்தான்.

கடைக்காரர் முடியை மாற்றிவிடுவாரோ என்ற பயமும் இருந்தது. அதனால் வீட்டிலேயே முடி பின்னுவது எப்படி என்று சொல்லித்தரும் பக்கங்கள் பெண்கள் பத்திரிகைகளில் வந்தன.

ஆண்களுக்கு என்ன ரூல்?

தொப்பியில் பட்டை, கறுப்புக் கையுறை, கறுப்பு டை. அன்றைய ஆண்களின் வழக்கமான உடையே அடர்நிற கோட்தான் என்பதால் புதிதாக எதுவும் தேவைப்படவில்லை. வேலைக்குப் போகலாம், நாலு பேரைச் சந்திக்கலாம், விரும்பினால் சீக்கிரமே மறுமணமும் செய்யலாம்.

சில கையேடுகள் இதற்கும் ஒரு படி மேலே போயின. ஒருவர் மறுமணம் செய்துகொண்ட பிறகு, முதல் மனைவியின் பெற்றோர் இறந்தால், இரண்டாவது மனைவியும் சில வாரம் கறுப்பு உடுத்த வேண்டுமாம்! முகம்கூடப் பார்த்திராத மனிதர்களுக்காக!

இதன் பின்னணியைப் புரிந்துகொள்ள அன்றைய சட்டத்தைப் பார்க்க வேண்டும். 1870, 1882 ஆகிய ஆண்டுகளில் திருமணமான பெண்களுக்கான சொத்துச் சட்டங்கள் வரும் வரை, இங்கிலாந்தில் மனைவியின் சம்பாத்தியமும் உடைமையும் பெரும்பாலும் கணவருக்கே சொந்தம். குடும்பத்தின் அந்தஸ்து கணவருடையது. அதை ஊருக்குக் காட்டும் பலகையாக மனைவியின் உடை இருந்தது. அவர் போன பிறகும் அந்தப் பலகையை அவள்தான் சுமக்க வேண்டியிருந்தது.

துக்கத்தில் கொழித்த பிசினஸ்

1841-ல் லண்டனின் ரீஜென்ட் தெருவில் 'ஜேஸ்' என்ற பிரம்மாண்டக் கடை திறக்கப்பட்டது. விற்பனை முழுக்க துக்கப் பொருட்கள்தான். கவுன், தொப்பி, கையுறை, நகை என எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். வெளியூரில் சாவு என்றால் தையல்காரரே துணியோடு ரயிலேறி வீட்டுக்கு வருவார். இழவு வீட்டுக்காரர்கள் கடைக்குப் போக வேண்டியதில்லை, கடையே அவர்களைத் தேடி வந்தது. அதே தெருவில் பீட்டர் ராபின்சன் என்பவரின் துக்கக் கடையும் போட்டிக்கு நின்றது.

துணி தயாரிப்பில் கொடிகட்டிப் பறந்தது எசெக்ஸ் பகுதியில் இருந்த கோர்ட்டால்ட் குடும்பத்தின் ஆலை. கறுப்பு கிரேப்தான் அதன் உயிர்நாடி. ஆலையில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். துக்க உடை வழக்கம் மங்கத் தொடங்கியபோது, 1904-ல் அந்த நிறுவனம் செயற்கைப் பட்டு தயாரிக்கும் உரிமையை வாங்கி வேறு பாதைக்கு மாறிக்கொண்டது. வான்கோவின் காதில் கட்டுப்போட்ட சுயஉருவ ஓவியம் இருக்கும் லண்டனின் கோர்ட்டால்ட் கேலரி, இதே குடும்பத்தில் வந்தவர் பெயரில்தான் இருக்கிறது.

தைத்தவர்களின் கதை

துக்க உடைக்கு ஒரு விசேஷம் உண்டு. முன்கூட்டியே ஆர்டர் கொடுக்க முடியாது. சாவு வந்த பிறகுதான் தைக்க வேண்டும், அதுவும் இறுதிச் சடங்குக்குள். அந்த அவசரம் முழுவதும் விடிந்தது தையல் பெண்களின் தலையில்.

1837 ஜூனில் மன்னர் நான்காம் வில்லியம் இறந்து நாடு முழுக்க துக்கம் அறிவிக்கப்பட்டது. அப்போது வியாழக்கிழமை அதிகாலை 4 மணிக்கு ஊசியை எடுத்தவர், ஞாயிறு காலை வரை படுக்கவே இல்லை என்று ஒரு தையல் பெண் பின்னாளில் அரசு விசாரணை ஆணையத்திடம் சாட்சி சொன்னார். தூக்கம் வராமல் இருக்க இரவெல்லாம் நின்றுகொண்டே தைத்தாராம். இது 1843-ல் வெளியான அறிக்கையில் பதிவாகியிருக்கிறது. மங்கலான வெளிச்சத்தில், கறுப்புத் துணியில், கறுப்பு நூலால் தைப்பது கண்ணுக்கு என்ன பாடு என்பதைச் சொல்லவே வேண்டாம்.

ஏழைகள் என்ன செய்தார்கள்?

இத்தனை கட்டத்துக்கும் உடை வாங்க ஏழைகளிடம் பணம் ஏது? இருக்கிற ஒரே நல்ல உடையைச் சாயப் பானையில் போட்டுக் கறுப்பாக்கினார்கள். அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கினார்கள். வாரம் ஒரு பென்னி, இரண்டு பென்னி எனக் கட்டும் ஈமச் சடங்குச் சங்கங்களில் சேர்ந்தார்கள். சோற்றுக்கு இல்லாவிட்டாலும் அந்தக் காசு தனியாகப் போகும்.

இதை வெறும் வறட்டுக் கௌரவம் என்று ஒதுக்கிவிட முடியாது. 1832-ல் வந்த உடற்கூறுச் சட்டப்படி, ஏழைகள் விடுதிகளில் இறந்து, யாரும் உரிமை கோராத உடல்களை மருத்துவ மாணவர்கள் அறுத்துப் படிக்கக் கொடுக்கலாம். 'அநாதையாகப் போகக் கூடாது, மனுஷராகப் போக வேண்டும்' என்ற பயம் அந்தச் சேமிப்புக்குப் பின்னால் இருந்தது. ஆனால், சம்பாதித்தவர் போன பிறகு மிச்சமிருந்த கொஞ்சநஞ்சமும் கறுப்புத் துணிக்கும் சடங்குக்கும் போய்விட்டால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்? ஈமச் சடங்குச் செலவைக் குறைக்க வேண்டும் என்று 1843-லேயே எட்வின் சாட்விக் அரசுக்கு அறிக்கை கொடுத்தார்.

எல்லாமே கெட்டதுதானா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. கறுப்பு உடை ஒரு கேடயமாகவும் இருந்தது. எதிரே வருபவர், கேட்காமலேயே புரிந்துகொள்வார். 'எப்படி இருக்கீங்க?' என்று சிரித்துக் கேட்டு யாரும் சங்கடப்படுத்த மாட்டார்கள். திடீரென அழுதாலும் ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. 'இன்னுமா அதையே நினைச்சிட்டு இருக்க?' என்று இரண்டாவது வாரத்தில் யாரும் கேட்டுவிட முடியாது. துக்கப்படுவதற்குக் கால அவகாசம் இருந்தது. அதே அவகாசம்தான், போதும் என்று நினைத்த பெண்ணுக்குச் சிறையாகவும் ஆனது.

கண்ணீர்ப் பாட்டில் உண்மையா?

சோஷியல் மீடியாவில் அடிக்கடி சுற்றும் ஒரு தகவல்: 'விக்டோரியா காலப் பெண்கள் கண்ணீரைச் சின்ன பாட்டிலில் பிடித்து வைப்பார்கள். அது ஆவியாகித் தீர்ந்தால் துக்கம் முடிந்தது என்று அர்த்தம்.' கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இதற்கு ஆதாரம் இல்லை. 'கண்ணீர்ப் பாட்டில்' என்று விற்கப்படும் பழைய கண்ணாடிக் குப்பிகள் பெரும்பாலும் வாசனைத் திரவியத்துக்கானவை.

எப்படி முடிவுக்கு வந்தது?

எதிர்ப்பு அப்போதே இருந்தது. 1870-ல் இறந்த எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ், தன் இறுதிச் சடங்குக்கு வருபவர்கள் துக்கத் துண்டு, அங்கி, கறுப்பு டை, நீளமான தொப்பிப் பட்டை என எதையும் அணியக் கூடாது என்று உயிலிலேயே எழுதி வைத்தார். நூற்றாண்டின் இறுதியில் ரூல்கள் தளர்ந்தன. கிரேப் குறைந்தது. 1880-களில் விட்பி ஜெட் தொழிலும் சரிந்தது.

அடியோடு மாற்றியது முதல் உலகப் போர். 1916 ஜூலை 1 அன்று, சோம் சண்டையின் முதல் நாளில் மட்டும் 19,240 பிரிட்டிஷ் வீரர்கள் உயிரிழந்தனர். போர் முடிவதற்குள் பிரிட்டன் இழந்தது 7 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை. உடல்கள் ஊருக்குக் கொண்டுவரப்படவில்லை. இறுதிச் சடங்கே இல்லாத துக்கத்துக்கு எந்தக் கட்டம், எந்தக் கணக்கு? பழைய முறைப்படி உடுத்தினால் நாடே கறுப்பாகிவிடும். பெண்களோ ஆயுதத் தொழிற்சாலையிலும் பேருந்திலும் மருத்துவமனையிலும் வேலையில் இருந்தார்கள். தரையைப் பெருக்கும் கவுனும் முகத்திரையும் அதற்குச் சரிப்பட்டு வரவில்லை. பலருக்கும் கையில் கட்டிய ஒரு கறுப்புப் பட்டையே போதுமானதானது. ஒரு காலத்தில் ஆண்களுக்கு மட்டும் கிடைத்த சலுகை அது!

1919 நவம்பர் 11 அன்று நாடு முழுக்க முதல்முறையாக இரண்டு நிமிட மௌனம் அனுசரிக்கப்பட்டது. ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் இரண்டரை ஆண்டு தன் உடம்பில் சுமந்த துக்கத்தை, அன்று ஊரே சேர்ந்து இரண்டு நிமிடம் சுமந்தது.

கடைசியாக ஒரு தகவல். 40 ஆண்டு கறுப்பு உடுத்திய விக்டோரியா, தன் இறுதிச் சடங்கு எப்படி நடக்க வேண்டும் என்று முன்பே எழுதி வைத்திருந்தார். அதன்படி 1901-ல் அவர் சவப்பெட்டியில் வைக்கப்பட்டபோது, உடல் மீது இருந்தது வெள்ளை உடை. முகத்தின் மேல், ஆல்பர்ட்டை மணந்த அன்று அணிந்த திருமண முக்காடு!